எஸ்றா 9, 10 அதிகாரங்களை வீட்டுக் கூட்டத்தில் எடுப்பது எப்படி

பழைய ஏற்பாட்டின் எஸ்றா புத்தகத்தை வரிசையாக எடுத்து வருகிறவர்களுக்கு எட்டாம் அதிகாரம் வரைக்கும் பிரச்சினை இல்லை. யூதரின் பாபிலோன் சிறையிருப்பு முடிகிறது, பாரசீகத்தின் கோரேசு ராஜா கட்டளை கொடுக்கிறான், ஆலயம் எழும்புகிறது, எல்லாருக்கும் சந்தோஷம். ஒன்பதாம் அதிகாரத்தில் வந்து நின்றுவிடுவார்கள். வேறு ஜனத்தில் பெண் கொண்டவர்கள் அந்தப் பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று பத்தாம் அதிகாரத்தில் தீர்மானம் போடுகிறார்கள். இதை நாம் வாசிக்கப்போகும் இடம் மயிலாடுதுறையிலோ பொறையாறிலோ ஒரு வீட்டுக் கூடம். பாயில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் வீட்டு மருமகள் இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவராக இருப்பார், இன்னொருவர் மகன் வேறு சாதிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருப்பூரில் இருப்பான், மூன்றாமவருக்கு இந்த இரண்டு விஷயமும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்கும்.

அதனால்தான் பலர் இந்த இரண்டு அதிகாரத்தையும் அப்படியே தாண்டி நெகேமியா மதில் கட்டின கதைக்குப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் தாண்டினாலும் அந்த வசனங்கள் எங்கேயும் போய்விடாது. நாளைக்கு ஏதாவது ஒரு கல்யாணப் பேச்சில் யாராவது ஒரு பெரியப்பா அதை எடுத்து வீசுவார், அப்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரே வாரத்தில் முடிக்க நினைத்தால் எஸ்றாவைத் திட்டி முடிப்பீர்கள், இல்லாவிட்டால் கலந்து கட்டினவர்களைத் திட்டி முடிப்பீர்கள். நடவு மும்முரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், பாதிப் பேர் அசதியில் தூங்குவார்கள். அறுவடை முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நாட்கள் நல்லது. இன்னொன்று, கூட்டத்துக்கு வருகிற குடும்பங்களில் கலப்பு மணம் செய்தவர்கள் இருந்தால் முன்கூட்டியே தனியாகப் போய், "அடுத்த வாரம் இந்தப் பகுதி வருகிறது, உங்களைக் குறிவைத்து எடுக்கவில்லை, நீங்கள் கட்டாயம் வரவேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். மாமியாரிடம் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த மருமகளிடமே சொல்லுங்கள்.

அப்புறம் காலக்கணக்கு. இது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்தது கி.மு. 586 (587 என்றும் சொல்வார்கள்). கோரேசு பாபிலோனைப் பிடித்து, திரும்பிப் போகலாம் என்று அனுமதி கொடுத்தது 538. இரண்டாம் ஆலயம் கட்டி முடிந்தது 515 வாக்கில். நியாயப்பிரமாணம் தெரிந்த ஆசாரியன் எஸ்றா வந்தது, வழக்கமான கணக்குப்படி, 458. யூதாவின் ஆளுநராக நெகேமியா வந்தது 445. எஸ்றா நெகேமியாவுக்குப் பின்னால்தான் வந்தார், அது 398 என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. கூட்டத்தில் அந்த விவாதத்துக்குப் போக வேண்டாம். கவனிக்க வேண்டியது இதுதான்: முதல் கூட்டம் திரும்பி வந்து, ஆலயமும் கட்டி, இரண்டு மூன்று தலைமுறை ஓடிய பிறகுதான் எஸ்றா வருகிறார். நேற்று வந்து இறங்கியவர்கள் அவசரத்தில் செய்த கல்யாணங்கள் இல்லை இவை. அக்கம்பக்கமாக வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பேரன் பேத்தி பார்த்த குடும்பங்கள்.

அந்த "தேசத்து ஜனங்கள்" யார் என்று கட்டாயம் கேள்வி வரும். இங்கே கொஞ்சம் நின்று பேசலாம். பாபிலோன்காரன் எருசலேமைப் பிடித்தபோது எல்லாரையும் கொண்டுபோகவில்லை. ராஜ குடும்பம், ஆசாரியர்கள், கைத்தொழில்காரர்கள், போர்வீரர்கள், சொத்துள்ளவர்கள் போனார்கள்; ஏழைகளைத் திராட்சத் தோட்டக்காரராகவும் பயிரிடுகிறவர்களாகவும் விட்டுவிட்டுப் போனான் என்று 2 இராஜாக்கள் 25:12 சொல்கிறது. போனவர்கள் பாபிலோனில் வாய்க்கால் பாசன நிலங்களில் குடியேற்றப்பட்டார்கள். "யூதாவூர்" என்றே பெயர் வைத்த ஓர் ஊரின் வரி, குத்தகை, கடன் கணக்குகள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. எசேக்கியேல் தரிசனம் கண்ட கேபார் நதியும் ஒரு பாசனக் கால்வாய்தான். டெல்டாவில் முறைத் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்தப் படம் சட்டென்று புரியும், அதனால் சொல்லுங்கள். யூதப் பெண் பாபிலோனியனை மணந்த ஒப்பந்தம்கூடப் பலகையில் இருக்கிறது. திரும்பி வந்த கூட்டத்தின் தலைவன் பெயரே செருபாபேல், அதில் பாபேல், அதாவது பாபிலோன், இருக்கிறது.

இப்போது அந்தப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். ஊரில் அம்மோனியர், மோவாபியர், சமாரியாக்காரர் இருக்கிறார்கள். போகாமல் இங்கேயே கிடந்த யூதாவின் ஏழைச் சனமும் இருக்கிறது. எஸ்றா புத்தகத்தின் பார்வையில் "இஸ்ரவேல்" என்றால் பெரும்பாலும் சிறையிருப்பிலிருந்து வந்தவர்கள்தான். அப்படியென்றால் அனுப்பப்பட்ட "அந்நியப்" பெண்களில் சிலர் இங்கேயே தங்கிவிட்ட யூதக் குடும்பத்துப் பெண்களாகவே இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். நிரூபிக்க முடியாது, ஆனால் நியாயமான சந்தேகம். பட்டியலில் இருப்பது ஆண்களின் பெயர்கள் மட்டும்தானே, எந்தப் பெண் எந்த ஊர்க்காரி என்று ஒரு வரிகூடக் கிடையாது.

முதல் வாரம் வாசிப்பு மட்டும். 9:1-இலிருந்து 10:44 வரைக்கும், பெயர்ப் பட்டியல் உட்பட, சத்தமாக, நடுவில் விளக்கம் சொல்லாமல். பட்டியலை யாரும் விரும்ப மாட்டார்கள், "பெயர்தானே ஐயா" என்பார்கள். விடாதீர்கள், நல்ல குரல் உள்ள ஒரு வாலிபனிடம் கொடுங்கள். ஏறக்குறைய 110 பெயர்கள். ஆசாரியர்களில் ஆரம்பித்து, லேவியர், பாடகர், வாசல் காவலர், அப்புறம் பொது ஜனம். வாசித்து முடித்ததும் இரண்டாம் அதிகாரத்தைத் திருப்பி, திரும்பி வந்தவர்களின் மொத்தக் கணக்கு 42,360 என்பதைக் காட்டுங்கள். எஸ்றா தலைமயிரையும் தாடியையும் பிடுங்கிக்கொண்டு சாயங்காலப் பலி வரைக்கும் திகைத்து உட்கார்ந்தார், ஊரே அழுதது. கடைசியில் பட்டியலில் வந்தவர்கள் இத்தனை பேர்தான். நெருப்பு ஊர் முழுக்கப் பற்றவில்லை, ஆனால் பற்றினது ஆசாரியர் வீட்டில். சாதாரண ஜனத்துக்குப் பாடம் என்று நினைத்து எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வாசித்து முடித்த பிறகு 10:9-க்குத் திரும்பி ஒரு நிமிடம் பேசலாம். ஒன்பதாம் மாதம் இருபதாம் தேதி, தேவாலய வீதியில் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், காரியத்தினாலும் அடைமழையினாலும். நம் கணக்குக்குக் கார்த்திகை மார்கழி. மூன்று நாளைக்குள் வராதவன் சொத்து பறிமுதல், சபையிலிருந்தும் விலக்கு என்று உத்தரவு. அந்த மழையில் அவர்கள் சொல்கிற பதிலை நன்றாகக் கவனியுங்கள்: ஜனங்கள் திரள், இது மழைக்காலம், வெளியிலே நிற்க முடியாது, ஒருநாள் இருநாள் வேலையும் இல்லை, அதிகாரிகள் ஊர் ஊராக விசாரிக்கட்டும். பத்தாம் மாதம் முதல் தேதி விசாரணை ஆரம்பித்து அடுத்த வருடம் முதல் மாதம் முதல் தேதி முடிகிறது. ஊர் மூப்பரும் நியாயாதிபதிகளும் வைத்து மூன்று மாதம். ஆக, ஆவேசத்தில் நடந்தது அழுகைதான், மற்றது முழுக்க முழுக்க அலுவலகக் காரியம்.

கடைசி வசனம் விசித்திரமானது. இவர்களில் சிலருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. ஆசாரிய வம்சத்தில் நாலு பேர் அனுப்பிவிடுவோம் என்று கைகொடுத்து ஆட்டுக்கடா செலுத்தினதைப் பத்தொன்பதாம் வசனம் சொல்கிறது. மற்றவர்கள் உண்மையில் அனுப்பினார்களா, அந்தப் பெண்கள் எங்கே போனார்கள், நம் வேதாகமத்தில் ஒரு வரி இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியும் இரண்டு அதிகாரத்திலும் வாய் திறக்கவில்லை. முதல் வாரத்தை இந்தக் கேள்வியோடு விட்டுவிடுங்கள், பதில் தேட வைக்காதீர்கள்.

இரண்டாம் வாரம்தான் வேலை.

முதலில் எஸ்றாவின் பக்க நியாயத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள், அரைகுறையாகச் சொல்வது நேர்மையல்ல. ராஜா இல்லை, படை இல்லை, பாரசீகப் பேரரசின் ஒரு மூலையில் சின்ன மாகாணம். தாங்கள் யார் என்று காட்டுவதற்கு ஆலயமும் நியாயப்பிரமாணமும் குடும்பமும் தவிர வேறொன்றும் கையில் இல்லை. அந்நிய தேவர்களின் பின்னால் போனதால்தான் நாடே போனது என்று தீர்க்கதரிசிகள் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்துபோன தலைமுறை. உபாகமம் 7 அந்நியரோடு சம்பந்தம் கலக்காதே என்பதற்குச் சொல்லும் காரணம், உன் பிள்ளைகளை வேறு தேவர்களைச் சேவிக்கத் திருப்புவார்கள் என்பது. அதே நூற்றாண்டில் ஏதென்ஸில் கி.மு. 451-இல் பெரிக்கிளிஸ், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடியுரிமை என்று சட்டம் கொண்டுவந்தான். உள்ளே யார் வெளியே யார் என்ற கவலை யூதருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

கும்பகோணத்தில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையாக வீட்டுக்குள் தங்கள் மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் அல்லவா, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தது அதற்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்தால் நெகேமியாவின் கோபம் பாதி புரியும். நெகேமியா 13-இல் அவர் கவனித்தது பிள்ளைகளின் பேச்சை. அஸ்தோத் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அஸ்தோத் பாஷை பேசினார்கள், யூத பாஷை பேசத் தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த பேரப்பிள்ளையோடு பேச முடியாமல் தவிக்கிற பாட்டிகள் நம் கூட்டத்திலேயே இருப்பார்கள், அவர்களைப் பேச விடுங்கள், அதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது. ஆனால் நெகேமியா அதற்காக அந்த அப்பன்மார்களைத் திட்டி, சிலரை அடித்து, மயிரைப் பிய்த்தார் என்பதையும் மறைக்காதீர்கள். இனிமேல் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மாட்டோம் என்று ஆணையிட வைத்தார். பெண்களை அனுப்பச் சொன்னதாக அங்கே இல்லை. எஸ்றாவுக்கும் நெகேமியாவுக்கும் நடுவில் இருக்கிற இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

நெகேமியாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மதில் வேலையை எதிர்த்தவர்கள் சன்பல்லாத்தும் தொபியாவும். பிரதான ஆசாரியன் எலியாசிபின் பேரன் அந்தச் சன்பல்லாத்துக்கு மருமகன். தொபியாவுக்கு யூதாவின் பெரிய குடும்பங்களில் இரண்டு பக்கமும் சம்பந்தம், தேவாலயப் பிராகாரத்திலேயே அவனுக்கு ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். நெகேமியா போய்த் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எறிந்தார். சம்பந்தி பலம் என்ன செய்யும் என்று பஞ்சாயத்துத் தேர்தல் பார்த்த யாருக்கும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பெண் கொடுத்தால் நிலமும் செல்வாக்கும் கூடவே போகும். ஆக, "அந்நியப் பெண்" என்ற புகாருக்குள் பக்தியும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. எது எத்தனை பங்கு என்று பிரிக்க முயலாதீர்கள்.

இந்த இடத்தில் நைல் நதிக்குப் போய்விட்டு வாருங்கள். தெற்கு எகிப்தில், இன்றைய அஸ்வான் பக்கத்தில், எலிபன்டைன் என்ற ஆற்றுத் தீவில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது, அவர்களுக்குச் சொந்த ஆலயமும் இருந்தது. அவர்களுடைய பாப்பிரஸ் பத்திரங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் எஸ்றா நெகேமியா வாழ்ந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. அனனியா என்ற ஆலய ஊழியன் கி.மு. 449-இல் தாமேத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை மணந்த ஒப்பந்தம் அதில் ஒன்று. சீர் சாமான் பட்டியல், விவாகரத்து ஆனால் யாருக்கு என்ன என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. கணவன் மட்டுமல்ல, மனைவியும் சபையில் எழுந்து நின்று "எனக்கு வேண்டாம்" என்று சொல்லி விலகலாம். மிப்தாகியா என்ற யூதப் பெண் எஸ்கோர் என்ற எகிப்தியக் கட்டடக் கலைஞனைக் கட்டினாள், பிள்ளைகளுக்கு யூதப் பெயர் வைத்தார்கள், அவன் பெயரும் பிற்பாடு பத்திரங்களில் நாத்தான் என்று வருகிறது. எருசலேமில் மழையில் நடுங்கிக்கொண்டு விசாரித்த அதே நூற்றாண்டில், அதே தேவனைத் தொழுத இன்னொரு யூதச் சனம் இப்படி வாழ்ந்துகொண்டிருந்தது.

அந்தத் தீவின் ஆலயம் 410-இல் இடிக்கப்பட்டது. திரும்பக் கட்ட உதவி கேட்டு 407-இல் எழுதின கடிதத்தில், சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்கள் தெலாயாவுக்கும் செலேமியாவுக்கும் இதைத் தெரிவித்தோம் என்று இருக்கிறது. நெகேமியாவின் பரம எதிரி சன்பல்லாத்தேதான். அவன் பிள்ளைகள் பெயரில் கர்த்தருடைய பெயர் இருக்கிறது, தொபியாவின் பெயரிலும் இருக்கிறது. அப்படியானால் நெகேமியா விரட்டின "அந்நியர்" எல்லாரும் பாகால் கும்பிடுகிறவர்கள் இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள், பேசாமல் இருக்கட்டும்.

அப்புறம் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிற மறுபக்கம். இதை ஒருவர் ஒருவராக வாசிக்கச் சொல்லுங்கள். உபாகமம் 23 மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் சபைக்குள் வரக்கூடாது என்கிறது. ரூத் மோவாபியப் பெண், "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்று மாமியாரிடம் சொன்னவள், தாவீதின் கொள்ளுப்பாட்டி. ஏசாயா 56, கர்த்தரைச் சேர்ந்த அந்நியபுத்திரன் "கர்த்தர் என்னைப் பிரித்துப்போட்டார்" என்று சொல்லவேண்டாம் என்கிறது. மல்கியா இரண்டாம் அதிகாரம் இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அந்நிய தேவதையின் குமாரத்தியைக் கட்டினதையும் கண்டிக்கிறது, இளவயதின் மனைவியைத் தள்ளிவிடுவதையும் கண்டிக்கிறது, அடுத்தடுத்த வசனங்களில். எஸ்றா புத்தகத்திலேயே 6:21-ஐ எடுத்துப் பாருங்கள்: புறஜாதிகளின் அசுத்தத்தை விட்டுப் பிரிந்து வந்து சேர்ந்துகொண்டவர்களும் பஸ்காவில் பந்தி உட்கார்ந்தார்கள். ஆறாம் அதிகாரத்தில் திறந்திருந்த கதவு ஒன்பதாம் அதிகாரத்தில் ஏன் அந்தப் பெண்களுக்குத் திறக்கவில்லை என்று யாராவது கேட்டால், "பரிசுத்த வித்து" என்று 9:2 பேசுவதைக் காட்டுங்கள். அங்கே விஷயம் நம்பிக்கையிலிருந்து இரத்தத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தப் பெண்கள் யாரைக் கும்பிட்டார்கள் என்று விசாரணையில் கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. யூத சமூகமே பிற்பாடு இந்தக் கேள்வியை வேறு விதமாகத் தீர்த்தது. மதம் மாறிச் சேர்வதற்கு ஒழுங்கு வந்தது, தாய் வழியாகவே பிள்ளை யூதன் என்ற விதி கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

இதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வரும், எப்படியும் வரும்: "ஆக, சாதி விட்டுச் சாதி கட்டக்கூடாது என்று வேதமே சொல்லுதுல்ல?" நம் பழைய மொழிபெயர்ப்பில் "மறுஜாதியான ஸ்திரீகள்" என்று இருப்பதால் கேட்கிறவருக்கு அது அப்படியே காதில் விழுகிறது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பதில் நேராக இருக்கட்டும். அங்கே பேச்சு வேறு தேசத்து ஜனத்தைப் பற்றி, அவர்கள் தேவர்களைப் பற்றி. ஒரே சபையில், ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிற இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் இருக்கிற சாதியைப் பற்றி எஸ்றாவுக்கு ஒன்றும் தெரியாது. வேண்டுமானால் எண்ணாகமம் 12-ஐத் திருப்புங்கள்: மோசே எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டினதற்காக அக்காள் மிரியாம் பேசினாள், குஷ்டம் பிடித்தது கட்டினவனுக்கு இல்லை, பேசினவளுக்கு.

இதில் நம் ஊருக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கி, 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டின காலத்திலிருந்து பெருமை பேசுகிற நாம், டெல்டா சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்த வழக்கத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர் சபை இரண்டுபட்டது. கல்யாணப் பத்திரிகையில் வசனமும், மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயரும் இன்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. எஸ்றாவை அதற்குச் சாட்சிக்குக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

மற்ற கேள்வி இதைவிடக் கடினம்: "என் மகள் இந்துப் பையனைக் கட்டியிருக்கிறாள், அப்போ பிரித்துவிட வேண்டுமா?" இதற்குச் சுற்றி வளைக்காதீர்கள். 1 கொரிந்தியர் 7:12-14-ஐ வாசியுங்கள்; அவிசுவாசியான துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடவேண்டாம் என்று பவுல் எழுதுகிறார், பிள்ளைகளைப் பரிசுத்தமானவர்கள் என்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் இருக்கிற பையன்களும் பெண்களும் கேட்டால் 2 கொரிந்தியர் 6:14-ஐயும் மறைக்காமல் வாசியுங்கள், அவர்கள் ஆன்லைனில் எப்படியும் பார்த்திருப்பார்கள். நாளைக்குப் பிள்ளை எந்தப் பண்டிகைக்குப் புதுத்துணி எடுக்கும், பெயர் என்ன வைப்பது, தாத்தா செத்தால் யார் கொள்ளி வைப்பது என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். இதைப் பேசாமல் கட்டிக்கொண்டு பிற்பாடு சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம்.

கூட்டத்தின் நடுவில் யாராவது "நம்ம தெருவிலேயே ஒரு வீடு இருக்கு..." என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், மரியாதையாக, ஆனால் உடனே. "அண்ணே, எஸ்றா காலத்து வீட்டைப் பார்ப்போம்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். வயதில் பெரியவர் என்று விட்டுவிட்டால் இரண்டு வார உழைப்பும் வீண்.

முடிவு ஜெபத்தை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் முன்னாலேயே தீர்மானித்துவிடுங்கள். பேச்சில் அடக்கி வைத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்லி, "ஆண்டவரே, இந்தக் குடும்பத்து மகளை அந்த இருளிலிருந்து மீட்டுக்கொண்டு வாரும்" என்று ஆரம்பிக்கிற ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரிடம் அன்றைக்குப் பாட்டுப் பாடும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, ஜெபத்தைச் சுருக்கமாகச் செய்கிற ஒருவரிடம் கொடுங்கள். அந்த மருமகளுக்கு விருப்பம் இருந்தால் அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.